கிட்னி பேஷன்ட்டுக்கு ஒப்பரேஷன்னா சேலைனா, ஹார்ட்மனா?

கிட்னி பெயிலியர் கேஸ் ஒண்ணு தியேட்டருக்கு வருதுன்னாலே யாராவது ஒருத்தர் ஹார்ட்மன்ங்கிற ட்ரிப் போத்தல எடுத்து ஓரமா வச்சிருவாங்க. "அதுல பொட்டாசியம் இருக்கு மிஸ், நோர்மல் சேலைன் போடுங்க"ன்னு. ஹட்டன் பக்கம் கேட்டாலும் பதுளைப் பக்கம் கேட்டாலும் இதே பேச்சுதான். கிட்னி வேல செய்யலன்னா பொட்டாசியம் ரத்தத்துல தேங்கி இதயத்துக்கு ஆபத்து, அதனால கேக்க நியாயமாத்தான் இருக்கும், ஆனா லேபிள திருப்பிப் பாத்தா கத வேற.

சேலைன்ல (உப்புத்தண்ணி) லீட்டருக்கு சோடியம் 154 மில்லிமோல், குளோரைட்டும் 154, பொட்டாசியம் சைபர். ஹார்ட்மன்ல சோடியம் 131, குளோரைட் 111, பொட்டாசியம் வெறும் 5. இப்போ பேஷன்ட்டோட ரத்தத்துல பொட்டாசியம் ஏறி 5.8ல நிக்குதுன்னு வச்சுக்கோங்க, அதுக்குள்ள 5 இருக்கிற தண்ணிய ஊத்துனா எப்படிங்க ஏறும்? கொஞ்சம் எறங்கத்தான் செய்யும். ஒரு லீட்டர் முழுசா போனாலும் 5 மில்லிமோல்தான், ஒரு பெரிய வாழப்பழத்துல அதவிட ரெண்டு மடங்கு இருக்கு.

சேலைன்ல பிரச்சின அந்த குளோரைட். நம்ம ரத்தத்துல 100 சொச்சம்தான் இருக்கும், அதுல 154ஐ லீட்டர் லீட்டரா ஏத்துனா ரத்தம் அசிட் பக்கம் சாயும், அசிட்ட வெளிய தள்ள வேண்டிய கிட்னியும் வேல செய்யல, அப்புறம் செல்லுக்குள்ள இருக்கிற பொட்டாசியம் வெளிய வர ஆரம்பிக்கும். பயந்து ஒதுக்குனது பின்வாசல் வழியா வந்துருது. 2005ல கிட்னி ட்ரான்ஸ்பிளான்ட் பேஷன்ட் 51 பேர வச்சு ஒப்பிட்டாங்க: சேலைன் போட்ட பக்கம் 19 சதவீதம் பேருக்கு பொட்டாசியம் 6ஐ தாண்டுச்சு, ரிங்கர் லாக்டேட் பக்கம் ஒருத்தருக்கும் இல்ல. ரிங்கரும் ஹார்ட்மனும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

பிளாஸ்மாலைட்னு இன்னொரு ட்ரிப் இருக்கு, அது இன்னும் நல்லது, வெலதான் கூட. குளோரைட் 98, கால்சியமும் இல்ல. 2023ல ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆராய்ச்சி ஒண்ணு வந்துச்சு, எறந்தவங்ககிட்ட எடுத்த கிட்னி வச்ச 808 பேர்ல, மொத வாரத்துலயே டயலிசிஸ் தேவைப்பட்டது சேலைன் பக்கம் 40 சதவீதம், பிளாஸ்மாலைட் பக்கம் 30. இது சின்ன வித்தியாசம் இல்லங்க.

அதுக்காக சேலைன தூக்கி வீசச் சொல்லல. நாள் கணக்கா வாந்தி எடுத்து குளோரைட் கொறஞ்சவங்களுக்கும், தலையில அடிபட்ட கேஸுக்கும் அதுதான் சரி. ரத்தம் ஏத்துற லைன்லயும் ஹார்ட்மன் வேணாம், கால்சியம் இருக்கிறதால கட்டியாகலாம். ஸ்டார்ச் (மாவுச்சத்து) கலந்த ட்ரிப் போத்தல்? கிட்னிக்கு கெடுதல், வேணவே வேணாம். பொட்டாசியம் ஏறி ஈசிஜி மாறிட்டா சேலைனும் ஹார்ட்மனும் ரெண்டுமே மருந்து இல்ல, கால்சியம் குளுக்கோனேட், இன்சுலின், டயலிசிஸ்தான்.

எனக்குக் கேட்டா எந்தப் போத்தல்ங்கிறதவிட எத்தன போத்தல்ங்கிறதுதான் பெரிய கேள்வி. யூரினே போகாத ஆளுக்கு போன தண்ணி அங்கயேதான் நிக்கும், டயலிசிஸ் வரைக்கும். ஹட்டன்ல ஏத்தி கினிகத்தேன வளைவெல்லாம் சுத்தி கண்டிக்குப் போறதுக்குள்ள, ட்ரிப் வேகத்த கொறைக்கிற ரோலர லூசா விட்டா ஒரு போத்தல் அம்பியூலன்ஸ்லயே காலியாயிரும், அங்க எறக்குறப்போ மூச்சு எளைக்கும். அதனால ட்ரான்ஸ்பர் பேப்பர்ல எவ்வளவு மில்லிலீட்டர் போச்சு, கடைசியா டயலிசிஸ் எப்போ, பிஸ்டுலா (டயலிசிஸுக்காக கையில ரத்தக்குழாய்கள இணைச்ச எடம்) எந்தக் கையில, இந்த மூணையும் எழுதுங்க. பிஸ்டுலா இருக்கிற கையில கனுலா (ட்ரிப் ஏத்துற ஊசிக்குழாய்) குத்தாதீங்க.