எடிம்ஆன்லைன்: ஒரு சொல்லைத் தேடிப் போய்ப் பிடித்துப்போன அகராதி

மொழிபெயர்ப்புதான் என் பிழைப்பு. போன மாதம் ஒரு கட்டுரையில் ‘இக்னமினி’ என்ற சொல் வந்தது. படையிலிருந்து விலக்கப்பட்ட ஒருவன் அதைச் சுமந்துகொண்டு ஊர் திரும்புகிறான். கையிலிருந்த ஆங்கிலம்-தமிழ் அகராதியில் ‘அவமானம்’ என்று போட்டிருந்தது. ‘ஷேம்’, ‘டிஸ்கிரேஸ்’ என்று எதைப் புரட்டினாலும் அதே அவமானம்தான். கடைத்தெருவில் ஒருவர் திட்டினாலும் அவமானம்தான், சாயங்காலத்துக்குள் ஆறிவிடும். இவனுக்கு நடந்தது அது இல்லை.

எடிம்ஆன்லைனில் தேடினேன். பென்சில்வேனியாவைச் சேர்ந்த டக்ளஸ் ஹார்ப்பர் உருவாக்கிய சொற்பிறப்பு அகராதி இது. காசு கட்டாமலே பார்க்கலாம். 1530களில் ஆங்கிலத்துக்கு வந்த சொல்லாம், லத்தீனில் ‘இக்னோமினியா’. ‘இன்’ என்றால் இல்லை, ‘நோமென்’ என்றால் பெயர். நடுவில் வரும் ‘க்’, ‘அறிதல்’ என்ற பொருளுள்ள இன்னொரு லத்தீன் வினையின் சாயலாம். படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ‘பேரு கெட்டுப்போச்சு’ என்று நம் வீடுகளில் சொல்வது இதைத்தானே!

அங்கிருந்து ‘பெயர்’ என்ற மூலவேருக்குப் போனால் ‘நவுன்’, ‘நாமினேட்’, ‘அனானிமஸ்’ எல்லாம் ஒரே குடும்பமாக நிற்கின்றன. சமஸ்கிருத ‘நாம’மும் அங்கேதான். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

அப்புறம் ரோமாபுரி வரலாற்றையும் கொஞ்சம் படித்தேன். அங்கே சென்சார் என்ற அதிகாரிகள், நடத்தை சரியில்லாத செனட்டரின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்குவார்கள். அந்தத் தண்டனை பெயரை மட்டும் தொடுவதால்தான் அதற்கு இக்னோமினியா என்று பேர் என்கிறார் பழைய ரோமானியப் பேச்சாளர் சிசரோ. படைவீரனைக் கேவலமாக வெளியேற்றுவதற்கும் இதே சொல்தான். என் கட்டுரையை எழுதியவர் சரியான சொல்லைத்தான் எடுத்திருக்கிறார். ‘பெயர் கெட்டு ஊர் திரும்பினான்’ என்று எழுதி அனுப்பினேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இது பொருளகராதி இல்லை. ஒரு சொல்லை இன்று எப்படிப் புழங்குகிறார்கள் என்று பார்க்க வேறொன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சொல் எங்கிருந்து வந்தது என்று அறிய நான் முதலில் திறப்பது இப்போது இதைத்தான்.

நேற்று, அவப்பெயரைக் குறிக்கும் ‘இன்ஃபமி’ என்ற சொல்லைப் பார்த்தேன். அதற்குள் இருக்கும் ‘ஃபாமா’வுக்குப் பேச்சு என்று பொருள். ‘ஊர் வாயில் விழுந்தான்’ என்பது அதற்குப் பொருந்துமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.