சாரல் மாதத்தில் பிசியோ: டுஷேன் பிள்ளையோடு தென்காசிக்குப் போய் வந்தது

டுஷேன் தசைச் சிதைவு உள்ள பிள்ளையை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனால் பயிற்சி விட்டுப்போகுமே, அங்கே யார் பார்ப்பார்கள் என்று டிக்கெட் போடத் தயங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் இருப்பது நெதர்லாந்தில், ஐந்தோவனில். மகனுக்கு எட்டு வயது, இன்னும் நடக்கிறான். பள்ளிக் கோடை விடுமுறையில் பெரும்பகுதியைத் தென்காசியில் அம்மா வீட்டில் கழித்தோம். நடைக்கு ஆள் கிடைக்கிறார்கள், வீட்டுக்கே வருகிறார்கள், கட்டணமும் கையைக் கடிக்கவில்லை. ஆனால் இந்த நோய்க்கு ஞாபகம், கவனம் என்று இன்னொரு பக்கம் உண்டு. அதைப் பற்றி நாமாகச் சொன்னால்தான் உண்டு, யாரும் கேட்பதில்லை.

அந்த இன்னொரு பக்கம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். டுஷேன் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வருவது; 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு. டிஸ்ட்ரோஃபின் என்கிற புரதம் உடம்பில் உருவாவதில்லை. அது இல்லாத தசை கரை கட்டாத வாய்க்கால் மாதிரி, ஒவ்வொரு இழுப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டே போகும். இதுவரை எல்லா டாக்டர்களும் சொல்வார்கள். அதே ஜீனிலிருந்து டிபி140, டிபி71 என்று புரதத்தின் குட்டை வடிவங்கள் மூளையிலும் உருவாகின்றன என்பதைச் சொல்கிறவர்கள் குறைவு. ஜீனில் பிழை எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அவையும் இல்லாமல் போகலாம். ஜீனின் துண்டுகளை எக்ஸான் என்பார்கள்; 45-வது எக்ஸானுக்கு அப்பால் பிழை உள்ள பிள்ளைகளிடம் படிப்புச் சிக்கல் கூடுதலாக இருப்பது இதனால்தான். மொத்தமாகப் பார்த்தால் இந்தப் பிள்ளைகளின் சராசரி ஐ.க்யூ. 85-ஐ ஒட்டி நிற்கிறது. குறிப்பாக, காதில் விழுந்ததை மனதில் பிடித்து வைத்துக்கொள்வது கஷ்டம். தசை போல இது வயது ஏற ஏற மோசமாவதில்லை என்பது மட்டும் ஆறுதல்.

எங்களுக்கு இது தெரிந்ததற்குக் காரணம் இடம்தான். ஐந்தோவனுக்குப் பக்கத்தில் ஹேசே என்ற சிற்றூரில் இருக்கும் கெம்பன்ஹாஹ மையம், டுஷேன் பிள்ளைகளின் கற்றலையும் நடத்தையையும் தனியாகக் கவனிக்கிறது. நெய்மேகன், லைடன் மருத்துவமனைகளோடு சேர்ந்து இயங்குகிற இடம். அங்கே கேட்டுப் பழகிய கேள்விகளை ஊரில் யாராவது கேட்பார்களா என்ற எதிர்பார்ப்போடுதான் விமானம் ஏறினேன்.

திருவனந்தபுரத்தில் இறங்கி ஆரியங்காவு வழியாகக் காரில் வந்தோம். இந்த மாதிரிப் பிள்ளையோடு வருகிறவர்களுக்குச் சென்னை சுற்றுவதை விட இது எத்தனையோ மேல்.

முதலில் போன தனியார் கிளினிக்கைப் பற்றி நீட்டி முழக்க விரும்பவில்லை. முதல் மாடி, லிஃப்ட் கிடையாது. உள்ளே போனதும் அங்கிருந்தவர், "தசைக்குப் பலம் ஏத்தணும், நல்லா வேலை வாங்கணும்" என்று பையனை உட்கார்ந்து எழச் சொன்னார், கணுக்காலில் மணல் மூட்டை கட்டினார், கடைசியில் படியில் ஏறி இறங்க வைக்கப் பார்த்தார். பாதியில் நிறுத்தி அழைத்து வந்துவிட்டோம். பக்கவாதம் வந்தவருக்கும் கால் எலும்பு முறிந்தவருக்கும் இது சரியாக இருக்கலாம். டுஷேன் தசைக்குப் பாரம் ஏற்றுகிற பயிற்சி ஆகாது. படி இறங்குவது ஏறுவதை விடக் கெடுதல், ஏனென்றால் இறங்கும்போது தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. அப்போதுதான் அதிகம் கிழியும். டிராம்போலினில் குதிப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும். பயிற்சிக்கு மறுநாள் தசை வலித்தாலோ, சிறுநீர் காபி நிறத்தில் போனாலோ அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். சிறுநீர் அப்படி நிறம் மாறினால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அப்புறம் அம்மாவின் தோழி ஒருவர் மூலம் வந்தார் ஒரு இளம் பிசியோதெரபிஸ்ட். பாளையங்கோட்டைக்காரப் பெண், ஸ்கூட்டியில் வருவார். வந்த முதல் நாள் எந்தப் பயிற்சியும் சொல்லித்தரவில்லை. தார்சாவில் பாயை விரித்து, "தம்பி, மல்லாக்கப் படுங்க. நான் ரெடி சொன்னதும் எழும்பணும்" என்று சொல்லிவிட்டு போனில் விநாடி பார்த்தார். இவன் வழக்கம்போலக் குப்புறத் திரும்பி, தரையில் கை ஊன்றி, பிறகு தொடையில் கை வைத்து உடம்பை மேலே தள்ளி எழுந்தான். "அக்கா, இந்த விநாடியை வாரம் ஒரு தரம் எழுதி வச்சிக்கிடுதேன். நீங்க அங்க போயி உங்க டாக்டர்ட்ட காட்டுங்க" என்றார். எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது.

அவர் செய்தது பெரும்பாலும் நீட்டிவிடுதல்: குதிகால் தசைநாண், முழங்காலின் பின்பக்கம், இடுப்பின் முன்பக்கம். நுனிக்காலில் நடக்கிற பிள்ளைக்குக் கணுக்கால் இறுகிப்போவதுதான் முதல் எதிரி. இரவில் போடுகிற கால் பட்டியை நாங்களே கொண்டுபோயிருந்தோம். பகலில் அதைப் போட்டு நடக்கவைக்கக் கூடாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. நுனிக்கால் நடை இந்தப் பிள்ளைகள் சமநிலை தவறாமல் இருக்கக் கண்டுபிடித்த உபாயம், அதைத் திடீரென்று பிடுங்கினால் விழுவார்கள்.

ஞாபக விஷயத்தை நானாகத்தான் எடுத்தேன். நடந்துகொண்டிருக்கும்போது ஏதாவது கேட்டால் இவன் நின்றுவிடுவான். பதில் சொல்லிவிட்டுத்தான் அடுத்த அடி. "செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, பந்தை எடுத்துட்டு வா" என்றால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பான். பள்ளியில் சோம்பேறி, சொல் பேச்சுக் கேட்காதவன் என்று பேர் வாங்குவது இப்படித்தான். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். மறுநாள் கையில் சாக்பீஸ். முற்றத்தில் பாண்டிக் கட்டம் வரைந்து எண் எழுதினார். நொண்டி கிடையாது, குதி கிடையாது, நடைதான். முதலில் சும்மா நடந்தான். பிறகு ஒற்றைப்படைக் கட்டத்தில் மட்டும் கால். அதன்பின் மூன்று ஊர்ப் பெயர் சொல்லி, கட்டத்தின் கடைசிக்குப் போய்த் திருப்பிச் சொல்லச் சொன்னார். "செங்கோட்டை, கடையம், பாவூர்சத்திரம்." முதல் நாள் கடையம் மட்டும் வந்து சேர்ந்தது. பாதி வழியில் நின்றால் அவர் அதட்டவில்லை. பெயரை இரண்டாகக் குறைத்துக்கொண்டார். போகப் போக மூன்றையும் கொண்டு சேர்த்தான், சில நாள் வரிசை மாறி. களைத்த முகம் தெரிந்ததும் நாற்காலி போட்டுவிடுவார், விளையாட்டு எந்தக் கட்டத்தில் இருந்தாலும் சரி.

இதனால் மூளை கூர்மையாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். டுஷேன் பிள்ளைகளிடம் உடற்பயிற்சிக்கும் சிந்தனைக்கும் உள்ள தொடர்பைப் பார்த்த ஆய்வுகள் சிறியவை. ஆனால் நடை, ஞாபகம் இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்கும்போது எது முதலில் விட்டுப்போகிறது என்பது அந்த முற்றத்தில் கண்ணால் தெரிந்தது. தெருவைக் கடக்கும்போது இவனிடம் பேச்சுக் கொடுப்பதை அன்றோடு நிறுத்தினேன். மத்தியான நேரத்துக்கு ஆச்சியிடம் பல்லாங்குழி இருந்தது. எழுந்து நிற்க வேண்டாம், விரலுக்கும் வேலை, கணக்குக்கும் வேலை. ஆச்சி கள்ளாட்டம் ஆடுவதைக் கண்டுபிடிக்கவே இவன் எண்ணத் தொடங்கினான்.

பயிற்சியில் எங்களுக்குப் பிடிமானம் உள்ள ஆய்வு ஒன்று உண்டு. நெய்மேகன் குழு 2013-ல் வெளியிட்டது. நடக்கிறவர்களும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுமாக 30 பையன்கள். மோட்டார் உதவியோடு சுற்றும் பெடலைக் காலால் 15 நிமிடம், கையால் 15 நிமிடம், வாரத்தில் 5 நாள், மொத்தம் 24 வாரம். செய்தவர்களின் அசைவுத் திறன் மதிப்பெண் அப்படியே நின்றது, செய்யாதவர்களுக்கு இறங்கியது. ஏறவில்லை, நின்றது. டுஷேனில் நிற்பதே லாபம். ஊரில் மோட்டார் பெடல் கிடைக்கவில்லை. நாற்காலி முன்னால் வைத்து மிதிக்கிற சின்னப் பெடலை ஆன்லைனில் வாங்கி, இறுக்கும் திருகை முழுக்கத் தளர்த்திவிட்டோம்.

நீச்சலும் நல்லதுதான், ஆனால் வெந்நீர்க் குளம் அக்கம்பக்கத்தில் அகப்படவில்லை. குற்றாலச் சீசன் நேரம் வேறு, எல்லாரும் அருவிக்குக் கூப்பிட்டார்கள். அருவித் தண்ணீர் தசையை விறைக்க வைத்துவிடும், வழுக்குப் பாறை வேறு. அதற்குப் பதில் இலஞ்சியில் மாமா தோட்டத்துப் பம்புசெட்டுத் தொட்டி. காலையில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். மார்பளவு தண்ணீரில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தான். வெளியே ஏற மட்டும் தூக்கிவிட வேண்டும்.

மருந்து பற்றி ஒன்று. இவன் சாப்பிடுகிற டெஃப்ளாசகார்ட் என்கிற ஸ்டீராய்டு ஊரில் டாக்டர் சீட்டுக்குச் சாதாரணமாகக் கிடைக்கிறது. ஆனாலும் முழு அளவையும் கைப்பையிலேயே கொண்டுபோங்கள், ஸ்டீராய்டை ஒரு நாளும் திடீரென்று நிறுத்தக் கூடாது. அந்த மருந்தால் முகம் உருண்டையாகிவிட்ட பிள்ளையைப் பார்த்து ஆச்சி, "நல்லா தேறிட்டாம்லா!" என்று பூரித்துப்போனார். அது மருந்து வீக்கம் என்று விளக்கி, அல்வாப் பொட்டலத்தை மேல் தட்டுக்கு ஏற்ற இரண்டு நாள் போராட வேண்டியிருந்தது. ஒவ்வொரு கிலோவும் அந்தக் கால்கள்தான் சுமக்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்குகிற ஆய்க்குடி அமர் சேவா சங்கத்துக்கும் போனோம். 1981-ல் ராமகிருஷ்ணன் தொடங்கியது. கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் அவர், 2020-ல் பத்மஸ்ரீ பெற்றார். அவரோடு சேர்ந்து அதை வளர்த்த சங்கரராமன் ஒரு ஆடிட்டர்; தசைச் சிதைவு உள்ளவர். மகனிடம் இதைச் சொன்னதும் கேட்டது: "அவருக்குக் கணக்கு வருமா?" வரும் என்றேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

பக்கத்துத் தெருவில் ஒரு பையன். கல்லீரல் கோளாறு என்று நெடுநாள் வைத்தியம், கூடவே கீழாநெல்லி. ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்கிற கல்லீரல் நொதிகள் கூடுதல் என்பதுதான் காரணம். அந்த நொதிகள் தசையிலிருந்தும் கசியும். கெண்டைக்கால் பருத்து, அடிக்கடி விழுகிற பையனுக்கு அவை கூடினால் முதலில் சி.கே. என்கிற தசை நொதியின் அளவைப் பார்க்க வேண்டும். பார்த்தார்கள், பல்லாயிரத்தில் இருந்தது. மரபணுப் பரிசோதனைக்குக் கோவையில் எம்.டி.சி.ஆர்.சி. மையமும் வேலூர் சி.எம்.சி.யும் இருப்பதை எழுதிக் கொடுத்தேன். உறுதியானால் யு.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, தசைச் சிதைவுக்காக அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை, வட்டார வள மையத்தின் பிசியோ எல்லாவற்றுக்கும் வழி உண்டு. நாங்கள் கிளம்பும்போது அந்தப் பெடலை அவர்கள் வீட்டில் கொடுத்தோம். திருகை இறுக்கக் கூடாது என்று அந்தப் பையனின் அப்பாவிடம் காட்டிக் கொடுத்துவிட்டுத்தான் காரில் ஏறினேன்.