நாயைக் காரில் தொலைதூரம் அனுப்பப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்: என் பாதி மாதச் சம்பளம் போச்சு, மணி பிழைத்ததே பெரிது

கை இன்னும் நடுங்குகிறது. மணி என் காலடியில்தான் படுத்திருக்கிறான், முன்னங்காலில் ட்ரிப்ஸ் ஏற்றிய இடத்தில் கட்டு. நேற்று ராத்திரி வந்து சேர்ந்தான் என்று எழுத வந்தேன். அவனாக வரவில்லை, சாக்குமூட்டை மாதிரித் தூக்கி இறக்கினார்கள்.

வீடு மாறினோம். 620 கிலோமீட்டர். எங்களிடம் கார் கிடையாது, நடக்க முடியாத அம்மாவை நான் ரயிலில் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதனால் செல்லப்பிராணிகளை வீட்டு வாசலில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்கும் ஒரு கார் சர்வீஸில், செயலி வழியாகப் பதிவு செய்தேன். பெயரை இங்கே போட மாட்டேன். பணத்தைத் திரும்பக் கேட்டு எழுதியிருக்கிறேன், பெயர் போட்டதையே காரணமாகச் சொல்லித் தட்டிக்கழிப்பார்கள். கட்டணம் என் சம்பளத்தில் சரிபாதி. பதினைந்து நாள் நான் உழைத்த காசு. மொத்தத்தையும் முன்கூட்டியே கட்டினேன்.

காலை ஆறு மணிக்கு வண்டி வந்தது. ஓட்டுநர் இறங்கியதும் நேராக மணியிடம் போகவில்லை. கொஞ்சம் தள்ளி, பக்கவாட்டில் குத்தவைத்து உட்கார்ந்தார். அவன் கண்ணைப் பார்க்காமல் கையை மட்டும் தாழ்த்தி வைத்துக் காத்திருந்தார். மணியே போய் மோந்து பார்த்தான். நாயோடு பழகியவர்கள்தான் இப்படிச் செய்வார்கள். "கடைசியா எப்போ சாப்பிட்டான் அக்கா?" என்று கேட்டார். ராத்திரி பத்து மணிக்கு என்றேன். "நல்லது. வயிறு நிறைஞ்சிருந்தா வழியில வாந்தி எடுப்பான்" என்றார். வண்டி ஓடினால் இவனுக்கு எச்சில் ஒழுகும், உதட்டை நக்கிக்கொண்டே இருப்பான், கொட்டாவி விடுவான், அதெல்லாம் குமட்டலுக்கு அறிகுறி, அப்போது கொஞ்சம் நிறுத்துங்கள் என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். என் வாசனை இருக்கட்டும் என்று பழைய துப்பட்டா ஒன்றைக் கொடுத்தேன். அவரே அதை நாலாக மடித்துப் பெட்டிக்குள் விரித்தார். அந்த மடிப்பைப் பார்த்துத்தான் நான் முழுசாக நம்பினேன். யாராக இருந்தாலும் நம்பியிருப்பீர்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி நடக்க விட்டு, தண்ணீர் கொடுத்து, படம் அனுப்புவோம் என்பது பேச்சு. ஒன்பது மணிக்கு ஒரு படம், பன்னிரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று வந்தது. மணி தண்ணீர்க் கிண்ணத்தோடு நிற்கிறான். ஒவ்வொரு படத்தையும் அம்மாவிடம் காட்டிக்கொண்டே வந்தேன். நாலு மணிக்கு மேல்தான் உறைத்தது. மூன்று படத்திலும் நிழல் ஒரே பக்கம், ஒரே நீளம். உச்சி வெயிலில் நாயின் நிழல் இவ்வளவு நீளமாக விழுமா? மூன்றும் காலையில் ஒரே இடத்தில் எடுத்தவை!

உடனே அந்த சர்வீஸைக் கூப்பிட்டேன். "வண்டி நல்லபடியா வந்துட்டிருக்கு மேடம்." ஓட்டுநரிடம் பேச வேண்டும் என்றால் "நம்பர் தர்றது எங்க பாலிசியில இல்ல மேடம்." வீடியோ அழைப்பு கேட்டால் "அந்த இடத்துல சிக்னல் இருக்காது மேடம்." எந்த இடம் என்று கேட்டேன். லைன் கட்டானது. ஏழு தடவை கூப்பிட்டேன், ஏழு தடவையும் வேறு வேறு ஆள், எல்லோரிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

இரவு ஏழு மணிக்கு வர வேண்டிய வண்டி 11.40க்கு வந்தது. அது காலையில் போன வண்டியே இல்லை. ஓட்டுநரும் வேறு. பின்னால் இன்னும் மூன்று நாய்கள், பின்பக்கம் ஏசி காற்றே எட்டவில்லை. மணி நின்று திரும்பக்கூட முடியாத சின்னக் கூண்டு. என் துப்பட்டா எங்கேயும் இல்லை. கூப்பிட்டேன், தலையைத் தூக்கவில்லை. கண்ணின் உள் இமை பாதிக் கண்ணை மூடியிருந்தது.

ராத்திரியில் திறந்திருந்த ஒரு கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். உடல் சூடு 40.6 டிகிரி. நாய்க்கு 38.3லிருந்து 39.2 வரை இருக்க வேண்டும், 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. ஈறு வறண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. பார்த்ததுமே "தூக்க மருந்து ஏதாவது கொடுத்தீங்களா?" என்று கேட்டார். மணியை இறக்கிவிட்ட ஓட்டுநருக்கு போன் போட்டால் சாதாரணமாகச் சொல்கிறார்: "குலைச்சுக்கிட்டே இருந்துச்சுங்க. எல்லாத்துக்கும் ஒரு மாத்திரை கொடுக்கிறதுதான்." என்ன மாத்திரை, எவ்வளவு, எப்போது, எதுவும் அவருக்குத் தெரியவில்லை. வழியில் சாப்பிடப் போனபோது நாய்களை வண்டியிலேயே விட்டாராம். "கண்ணாடியை கொஞ்சம் இறக்கித்தான் வெச்சிருந்தேன்" என்கிறார்.

கண்ணாடியை இறக்கினால் ஆயிற்றா? வெளியே 21 டிகிரி இருந்தாலே மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் 32, அரை மணியில் 40 ஆகிவிடும். நாலு விரல் இடைவெளி விட்டாலும் பெரிதாக மாறாது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, பாதத்தில் கொஞ்சம்தான். நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். மயக்கத்தில் கிடக்கும் நாய் எப்படி இரைக்கும்? இரத்த அழுத்தமும் இறங்கிவிடும், வண்டி வளையும்போது காலை ஊன்றி நிற்கவும் முடியாது. இந்த வகை மருந்துகள் சிலவற்றில் உடம்பு அடங்குமே தவிர உள்ளே பயம் அப்படியே இருக்கும் என்று மருத்துவர் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. எத்தனை மணி நேரமோ அவன் குலைக்கக்கூட முடியாமல் பயந்துகொண்டே கிடந்திருக்கிறான்.

காலையில் புகார் எழுதினேன். "உங்கள் நாய்க்கு ஏற்கெனவே உடல்நலக் குறைவு இருந்திருக்கலாம்" என்று பதில். மருத்துவரின் சீட்டை அனுப்பினேன். "72 மணி நேரத்தில் தொடர்புகொள்வோம்" என்றார்கள். ஒரு மணி நேரத்தில் புகார் 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டு, அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த பயணமாம்! பாதி மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு என் பிள்ளையைச் சாகக் கொடுக்கப் பார்த்தவர்கள். வைத்தியச் செலவு தனி, அதை நான் இதில் சேர்க்கவே இல்லை. பாதி மாதச் சம்பளம்!

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்துத்தான் ஆரம்பித்தேன், இப்போது முடியவில்லை. முழுப் பணத்தை முன்னால் கட்டாதீர்கள், பாதியை நாயைக் கையில் வாங்கிய பிறகு கொடுங்கள். வண்டி மாறுமா, ஓட்டுநர் மாறுவாரா, மருந்து கொடுப்பார்களா, மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். படம் வேண்டாம், வீடியோ அழைப்பில் பாருங்கள். குமட்டலுக்கு மருந்து வேண்டுமென்றால் உங்கள் மருத்துவரிடம் கேட்டு நீங்களே கொடுங்கள், அதற்கென்றே தூக்கத்தை வரவைக்காத மருந்து இருக்கிறது. பக், புல்டாக் மாதிரி சப்பை மூக்கு நாய் வைத்திருப்பவர்கள் இந்த மாதிரி ஆட்களிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள், அவற்றால் சாதாரணமாகவே சரியாக இரைக்க முடியாது.

மணி எழுந்து தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போகிறான். நேற்றிலிருந்து இதுதான் முதல் தடவை. நான் போகிறேன்.