இலவச சில்லு போக்கர் செயலிகள்: பொறுமை பழக உதவுமா?

பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-ல் வந்த மத்திய சட்டம் தடை செய்துவிட்டது. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் போக்கர் பழக நினைப்பவர்களுக்கு காசுக்குப் பதில் விளையாட்டுச் சில்லு வைத்து ஆடும் இலவச சில்லுச் செயலிகள் தாராளமாகப் போதும். ஒன்பது பேர் மேசையில் 100 கைக்கு (ஒரு சுற்றில் உங்களுக்கு வரும் இரண்டு சீட்டு ஒரு கை) 20-க்கு மேல் ஆடாதீர்கள். மீதியை ஃபோல்ட் செய்துவிடுங்கள், அதாவது சீட்டைப் போட்டுவிட்டு அந்தச் சுற்றிலிருந்து விலகுங்கள். கையில் ஜோடி (ஒரே மதிப்புள்ள இரண்டு சீட்டு) விழுவதே 17-க்கு ஒரு முறை. ஃப்ளாப்பில் (மேசையில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டு) அதற்கு மூன்றாவது சேர்வது ஏறக்குறைய எட்டரைக்கு ஒரு முறைதான். சின்ன ஜோடியை வைத்துக்கொண்டு பெரிய ரெய்ஸுக்கெல்லாம் (பந்தயத்தை உயர்த்துவது) கால் செய்தால் (அதே அளவு சில்லு வைத்தால்) சில்லு கரைவது இதனால்தான்.

பெரிய குறை, தீர்ந்த சில்லை உடனே இலவசமாக நிரப்பிவிடுவது. அதனால் ஆளாளுக்கு 7-2 போன்ற மோசமான கையை வைத்து ஆல்-இன் போகிறார்கள், அதாவது எல்லாச் சில்லையும் வைத்துவிடுகிறார்கள். அங்கே ப்ளஃப் (மோசமான கையை நல்லதுபோல் காட்டிப் பந்தயம் வைப்பது) எடுபடாது. நாளுக்கு 100 பிக் பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன் ஒருவர் கட்டாயமாக வைக்கும் பெரிய பந்தயம்) என்று நீங்களே வரம்பு வையுங்கள், போனால் மூடிவிடுங்கள். காசு கொடுத்துச் சில்லு வாங்கவே வேண்டாம். திருவையாறு உட்கிராமங்களில் சிக்னல் விட்டுப்போனால் நேரம் முடிந்து நல்ல கையும் தானாக ஃபோல்ட் ஆகிவிடும்.