ஈயக்குண்டு வார்க்க எந்த அச்சு? இரும்பு, அலுமினியம், பிளாஸ்டர்

மலேசியாவின் பெர்ணம் ஆற்றில் தூண்டில் போடுகிறவனுக்குக் கிடைக்கும் மீனை விட, தூண்டில் நரம்பில் எடைக்குக் கட்டிப் பறிகொடுக்கும் ஈயக்குண்டுதான் அதிகம். ஊத்தான் மெலிந்தாங் பக்கம் தண்ணீருக்கு அடியில் பழைய கட்டை, கிழிந்த வலை, நிப்பா பனை வேர் என்று எல்லாம் கிடக்கிறது, ஒரு சாயங்காலத்தில் ஐந்தாறு குண்டு போய்விடும். கடையில் வாங்கிக் கட்டுப்படியாகாமல் நானும் பக்கத்து லயத்து மாமாவும் சொந்தமாக வார்க்க ஆரம்பித்தோம். மூன்று வகை அச்சையும் பாடுபட்டுப் பார்த்தாயிற்று.

முதலில் ஒன்று. இணையத்தில் ஈய அச்சு என்று தேடினால் முக்கால்வாசி அமெரிக்கர்கள் ரிவால்வர் தோட்டா வார்க்கிற அச்சுதான் வரும். இங்கே உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம், அந்தப் பக்கமே தலைவைக்க வேண்டாம். ஆனால் ஈயம் எங்கேயும் ஈயம்தானே, அச்சை முன்கூட்டியே சூடேற்றுவது, மெழுகுவத்திப் புகையைக் குழிக்குள் பிடிக்க வைத்து வார்ப்பு ஒட்டாமல் பார்த்துக்கொள்வது போன்றவை தூண்டில் குண்டுக்கும் அப்படியே பொருந்தும்.

இரும்பு அச்சு மாமாவுடையது. அவர் அப்பா தோட்டத்துப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தபோது தன் கையால் குடைந்தது. கனம், கை வலிக்கும், சூடேறவும் நேரமாகும். அதனால் முதல் ஏழெட்டுக் குண்டு சுருக்கம் விழுந்துதான் வரும், அதையெல்லாம் திரும்பச் சட்டியில் போட்டுவிடலாம். ஒரு தடவை சூடு பிடித்துவிட்டால் அப்புறம் மணிக்கணக்கில் ஒரே சீராக வார்க்கும். குறை என்னவென்றால் துரு. கழிமுகத்து உப்புக்காற்றில் ஒரு வாரம் எண்ணெய் இல்லாமல் கிடந்தால் குழிக்குள் சிவப்பு பூத்துவிடும், எண்ணெய் போட்டு வைத்தாலோ வார்ப்பதற்கு முன் ஒட்ட ஒட்டத் துடைக்க வேண்டும், இல்லையென்றால் குண்டு முழுக்கச் சுருக்கம்.

அலுமினியம் நான் வாங்கியது. இரும்பை விட ஏறக்குறைய மூன்று மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்துவதால் இரண்டு மூன்று வார்ப்பிலேயே தயாராகிவிடும், துருப்பிடிக்காது, ஒரு கையால் பிடிக்கலாம். ஈயம் 327 டிகிரியில் உருகும், அலுமினியம் உருக 660 வேண்டும், அதனால் அச்சு கரைந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். ஆனால் மெத்தென்ற உலோகம். ஒட்டிக்கொண்ட குண்டை நான் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியதில் ஓரத்தில் ஒரு கீறல் விழுந்தது, அன்றிலிருந்து ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு பக்கம் இறகு மாதிரி மெல்லிய ஈயத் தகடு முளைக்கிறது. அதை அரம் வைத்து ராவிக்கொண்டே உட்கார வேண்டியதுதான். தட்டுவதென்றால் மரக்கட்டையால் தட்டுங்கள், அதுவும் கைப்பிடியில், அச்சின் மேல் அல்ல.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாவைக் குழைத்துச் செய்யும் அச்சு? மலிவு, எந்த வடிவமும் செய்யலாம் என்று காணொளியில் காட்டுவதைப் பார்த்து நானும் மயங்கினேன். உறைந்த பிளாஸ்டரின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். ஒரு வாரம் வெயிலில் வைத்தாலும் அது போகாது, ஏனென்றால் அது வெறும் ஈரமில்லை, பொருளோடு பிணைந்த தண்ணீர். அதில் உருகிய ஈயத்தை ஊற்றினால் தண்ணீர் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் ஆவியாக விரியும். என் அச்சு 'படார்' என்றது, ஈயம் சட்டையெல்லாம் தெறித்தது, கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. அடுப்பில் வைத்துப் பல மணி நேரம் வாட்டினால் தண்ணீர் போகும், ஆனால் பிளாஸ்டரும் பொடிந்துபோகும். சரி, இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

எல்லாரும் அச்சு எந்த உலோகம் என்றுதான் கேட்கிறார்கள், நான் முதலில் குழி என்ன வடிவம் என்று கேட்பேன். என் அலுமினிய அச்சில் நான்கு குழி, நான்கும் முட்டை வடிவம். கடையில் பார்க்க அழகாக இருந்தது. பெர்ணம் ஆறு கடலோடு சேர்ந்து ஏறி இறங்குகிற ஆறு, வற்றம் வேகம் பிடித்தால் முட்டைக்குண்டு அடிச்சேற்றில் உருண்டு உருண்டு கரையோரக் கட்டைக்குள் போய் மாட்டிக்கொள்ளும். கூம்பு வடிவமோ சேற்றில் புதைந்துவிடும், இழுத்தால் நரம்பு அறும். மாமாவின் இரும்பு அச்சில் தட்டையான காசு வடிவம். சேற்றின் மேல் படுத்துக்கொள்ளும், உருளாது. செம்பிலாங் கெளுத்திக்கும் சியாக்காப்பு என்கிற கொடுவாவுக்கும் அதுதான் சரி. ஊடாங் காலா என்கிற ஆற்று இறாலுக்கு மட்டும் சின்ன முட்டைக்குண்டு போதும், கனம் தெரிந்தால் இறால் தூண்டிலை விட்டுவிடும்.

அளவுக்கு ஒரு கணக்கு: இரண்டு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஈய உருண்டை ஏறக்குறைய 47 கிராம். அதே உருண்டை துத்தநாகத்தில் 30 கிராம்தான் வரும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஈயத்துக்காக டயர் கடையில் வாங்குகிற பழைய சக்கர எடைகளில் (சக்கரம் ஆடாமல் சுற்ற விளிம்பில் மாட்டும் சின்னக் கட்டிகள்) இப்போது துத்தநாகமும் இரும்பும் கலந்து வருகின்றன. துத்தநாகம் ஏறக்குறைய 420 டிகிரியில்தான் உருகும், அதனால் அடுப்பை அடக்கி எரித்தால் அது உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்துவிடலாம். உருகிக் கலந்துவிட்டால் ஈயம் கூழ் மாதிரி ஆகி அச்சு நிறையாது. பழைய பேட்டரியை மட்டும் உடைக்காதீர்கள், அமிலம் ஒரு பக்கம், நச்சுப்புகை ஒரு பக்கம். சமையல் சட்டியும் பிள்ளைகளும் பக்கத்தில் இருக்கக் கூடாது, வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிட உட்காரவும் கூடாது.

என் தேர்வு, காசு வடிவக் குழி உள்ள அலுமினிய அச்சு. அது எங்கேயும் அகப்படவில்லை. மாமாவின் இரும்பு அச்சை ஒரு வாரம் இரவல் கேட்டேன். "குண்டு எத்தனை வேணும்னாலும் எடுத்துட்டுப் போ தம்பி, அச்சை மட்டும் கேட்காதே" என்றார்.