சாட்ஸ்வர்த் மாலை டென்னிஸ் பயிற்சி: படிப்பையும் கவனிக்கிறார்கள்

டர்பனில் பிள்ளையை டென்னிசில் விட நினைக்கும் பெற்றோர் இந்த மையத்தைத் தாராளமாகப் போய்ப் பார்க்கலாம். இரண்டரை மணி முதல் நான்கு வரை வீட்டுப்பாடம், பிறகுதான் மட்டையைத் தொட விடுகிறார்கள்.

மெச்ச வேண்டியது அவர்கள் போடும் அட்டவணை. பருவத் தொடக்கத்திலேயே பள்ளித் தேர்வுத் தேதிகளை வாங்கி வைத்துக்கொண்டு, மீதமுள்ள வாரங்களில்தான் போட்டிக்குப் பெயர் கொடுக்கிறார்கள். மெட்ரிக்கில், அதாவது பன்னிரண்டாம் வகுப்பில், பள்ளி மதிப்பீட்டுக்கு 25 விழுக்காடு, இறுதித் தேர்வுக்கு 75. அந்த 25ஐ ஒரு சின்னப் போட்டிக்காக இழப்பது வீண். பெயரை விலக்கிக்கொள்ளும் கடைசி நாளையும் அதே தாளில் சிவப்பு மையில் குறிக்கிறார்கள். அது தவறினால் அபராதம் வரும்.

ஜோகன்னஸ்பர்க் போட்டி என்றால் மட்டையின் நரம்பை வழக்கத்தைவிட ஒரு கிலோ இறுக்கிக் கட்டுகிறார்கள். அது 1,700 மீட்டருக்கு மேல் உள்ள ஊர். காற்று மெலிந்திருப்பதால் பந்து நீளமாகப் பறந்து கோட்டைத் தாண்டும். இரண்டு நாள் முன்னதாகப் போனால் பழகிவிடும். ஆனால் அந்த இரண்டு நாளும் பள்ளி நாளாக இருந்தால் என்ன செய்வது? ஆசிரியரிடம் பாடத்தை முன்கூட்டியே வாங்கித் தருகிறார்கள். கணக்குக்கு இது சரிவரும், அறிவியல் செய்முறைக்கு வராது.

குறை: குளிர்காலமான ஜூனில் ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது, விளக்குள்ள ஆடுகளம் ஒன்றுதான். பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நான்கு முதல் ஐந்து வரையுள்ள அந்த நேரம் போதாது.