பேராதனையில் 11 இரவுகள்: நோயாளிப் பிள்ளையின் பெற்றோருக்கான ஓர் அறை

நெஃப்ரோடிக் எனும் சிறுநீரக நோயால் முகம் வீங்கிய எங்கள் 6 வயது மகனை ஹட்டனிலிருந்து பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். வார்ட்டில் மனைவி அவனுடன் தங்கியதால், நான் பக்கத்தில் ஒரு வீட்டின் வாடகை அறையில் இருந்தேன்.

அறை சிறியது, மெத்தை பழையது, மழைநாளில் துணி காயாது. ஆனால் அடுப்பைப் பயன்படுத்த விட்டார்களே, அது ஒன்றுக்காகவே மீண்டும் அங்குதான் போவேன். உடலில் நீர் தேங்கியிருக்கும் நாட்களில் இந்நோயுள்ள பிள்ளைக்கு உப்பைக் குறைக்க வேண்டும்; கடைச் சாப்பாட்டில் அதற்கு வழியே இல்லை. சிங்களம் மட்டுமே பேசும் வீட்டுக்கார அம்மா, என் அரைகுறைச் சிங்களத்தைப் புரிந்துகொண்டு, முதல் நாளே தனிச் சட்டியில் உப்பில்லாப் பருப்பை வேகவைத்து, தேசிக்காய் பிழிந்து டிபன் கேரியரில் ஊற்றித் தந்தார். மகன் முகத்தைச் சுளித்தான். ஆனாலும் பாதியைச் சாப்பிட்டான்.

பெரிய குறை, இரவு 9 மணிக்கே கேட்டைப் பூட்டிவிடுவது. மகனுக்கு மூச்சுத் திணறுவதாக மனைவி அழைத்த இரவில், வீட்டாரை எழுப்பித் திறக்க வைப்பதற்குள் 20 நிமிடம் போய்விட்டது. அறை எடுப்பவர்கள் வாடகை பேசும்போதே ஒரு சாவியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.